ஸ்பானிஷ் படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு: வகுப்பா, தனிப்படிப்பா?

திருப்புட்குழி, பாலுசெட்டி சத்திரம், காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஸ்பானிஷ் கற்க எண்ணியிருக்கும் கல்லூரி மாணவர்களுக்கும், நெசவுக் குடும்பத்து இளைஞர்களுக்கும், கோயில் வழிகாட்டிகளுக்கும்,

ஸ்பானிஷ் கற்க வகுப்பில் சேர்வதா, தானே படித்துக்கொள்வதா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எந்த மொழியிலும் தனியாக உட்கார்ந்து படித்தாலே வந்துவிடுகிற பகுதி ஒன்று உண்டு. சொற்கள், வாசிப்பு, இலக்கண அட்டவணைகள், கேட்டுப் பழகுவது எல்லாம் இதில் அடங்கும். எதிரே ஒருவர் இருந்து திருத்தினால் மட்டுமே வருகிற பகுதி இன்னொன்று. உச்சரிப்பு, தடுக்காமல் பேசுவது, எழுதியதில் உள்ள பிழை தெரிவது இதில் சேரும். முதல் பகுதிக்காக வகுப்புக்குப் பணம் கட்டுவது வீண். இரண்டாவது பகுதியைத் தனியாகவே முடித்துவிடலாம் என்று நம்புவது அதைவிட வீண். ஆகவே எதற்குப் பணமும் பயண நேரமும் செலவிடுவது, எதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால், எதற்காகப் படிக்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சிமொழி. ஸ்பெயினும் ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினியும் போக, மற்ற 18 நாடுகள் அமெரிக்கக் கண்டங்களில் இருக்கின்றன. திருப்புட்குழி வழியாகப் போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே மேற்கே சென்றால் வரும் இராணிப்பேட்டையில் பாரிவேர் பீங்கான் ஆலை உள்ளது. பாரிவேர் 2008 முதல் முழுவதுமாக ஸ்பெயின் நாட்டு ரோகா குழுமத்தின் கையில் இருக்கிறது. இதைக் கேட்டதும் சிலருக்கு ஆசை பிறக்கும். ஆனால் ஸ்பெயின்காரர் முதல் போட்ட ஆலை என்பதற்காக அங்கே ஸ்பானிஷ் தெரிந்தவருக்கு நாற்காலி போட்டு வைத்திருக்க மாட்டார்கள். ஆலைத் தளத்துக்குத் தமிழும் ஆங்கிலமும் போதும். ஸ்பானிஷுக்கென்று தனியாகச் சம்பளம் தருவது பெரும்பாலும் சென்னையிலுள்ள மென்பொருள், கணக்கு, வாடிக்கையாளர் சேவை நிறுவனங்கள்தான். மெக்சிகோவிலிருந்தோ கொலம்பியாவிலிருந்தோ வரும் கடிதத்தைப் படித்துப் பதில் எழுதவும், தொலைபேசியில் பேசிச் சமாளிக்கவும் அவர்களுக்கு ஆள் வேண்டும். இந்த வேலைக்கு நான்கு திறனும் தேவை, சான்றிதழும் கேட்பார்கள்.

வழிகாட்டியின் தேவை வேறு. கைலாசநாதர் கோயிலிலும் வரதராசப் பெருமாள் கோயிலிலும் பயணிகளை அழைத்துக்கொண்டு நடப்பவருக்கு ஸ்பானிஷில் கடிதம் எழுத வேண்டிய அவசியமே வராது. கல், தூண், மண்டபம், குளம், பட்டு, சரிகை, விலை என்று ஒரு குறுகிய வட்டத்துச் சொற்களை வைத்துக்கொண்டு சரளமாகப் பேசவும், எதிர்பாராத கேள்வியைக் காதில் வாங்கிப் புரிந்துகொள்ளவும் அவருக்கு வந்தால் போதும். இலக்கியத்துக்காகப் படிப்பவரின் தேவை இதற்கு நேர் எதிர். அவர் வாய் திறக்கவே வேண்டியதில்லை. மூவரும் ஒரே வகுப்பில் ஒரே பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இருவருடைய நேரமாவது வீணாகும்.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க நடத்தும் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் ஸ்பானிஷில் அலுவல் பார்க்கும் அளவுக்குத் தேற 24 முதல் 30 வாரம், அதாவது 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் என்று நெடுங்காலம் வைத்திருந்தது. (தமிழுக்கு அதே நிறுவனம் வைத்திருந்தது சுமார் 1,100 மணி.) இந்த எண்ணைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த மாணவர்களுக்குச் சம்பளமே படிப்பதற்குத்தான். வகுப்பு முடிந்த பின்னும் அன்றாடம் சில மணி நேரம் சொந்தமாகப் படிக்க வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்திலேயே உண்டு. முழுநேர வகுப்பு வைத்திருப்பவர்களே தனிப்படிப்பை விடவில்லை. வாரத்துக்கு மூன்று மணி நேரம் வகுப்புக்குப் போகிறவர் அதை மட்டுமே நம்பினால் 600 மணியைத் தொட ஏறக்குறைய நான்கு வருடம் ஆகும். அதற்குள் முதல் வருடம் படித்தது மறந்திருக்கும். "மூன்று மாதத்தில் சரளமான ஸ்பானிஷ்" என்று போடப்படும் விளம்பரத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம்.

வகுப்பு தருவது மூன்று. ஒன்று, திருத்தம். இரண்டு, பேசுவதற்கு ஆள். மூன்று, கால ஒழுங்கு. பணம் கட்டியாயிற்று, செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்கிற கட்டாயம். மூன்றாவதைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். தனியாகப் படிக்கத் தொடங்கியவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இலக்கணம் அல்ல, இந்தக் கட்டாயம் இல்லாமைதான். ஆனால் எந்த வகுப்பும் மூன்றையும் தரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றரை மணி நேர வகுப்பில் 20 பேர் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஆசிரியர் பாதி நேரம் பேசியது போக மீதி 45 நிமிடம். தலைக்குப் பங்கு போட்டால் ஒவ்வொருவர் வாய்க்கும் இரண்டேகால் நிமிடம் வருகிறது. அதே வகுப்பில் ஆறு பேர் இருந்தால் ஏழரை நிமிடம். கட்டணத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதுதான். 20 பேர் வகுப்பு என்றால் அது பாதி விலைக்குக் கிடைத்தாலும் விலை அதிகம்.

இதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அந்த வகுப்பில் மாணவர் குறுக்கிட்டுக் கேட்க முடிகிறதா? இந்த ஊரில் இதைச் சொல்ல வெளி உதாரணம் தேவையில்லை. 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்தது திருப்புட்குழியில்தான் என்பது வைணவ மரபு. ஆசிரியர் சொன்ன பொருளை மாணவர் ஏற்காமல் வேறு பொருள் சொன்னதும், அதனால் பிணக்கு முற்றியதும், பிற்காலத்தில் அந்த ஆசிரியரே மாணவருக்குச் சீடரானதும் இவ்வூர் விசயராகவப் பெருமாள் சன்னிதித் தெருவில் சிறு பிள்ளையும் சொல்லும் கதை. அங்கிருந்து விலகியதும் இராமானுசர் இனி நானே படித்துக்கொள்கிறேன் என்று உட்காரவில்லை. வெவ்வேறு பொருளுக்கு வெவ்வேறு ஆசிரியரைத் தேடிப் போனார். திருக்கோட்டியூர் நம்பியிடம் ஒன்றைக் கேட்டறிய 18 முறை நடந்தார் என்கிறது குருபரம்பரை. ஓர் ஆசிரியர் சரிப்படவில்லை என்றால் ஆசிரியரே வேண்டாம் என்ற முடிவுக்குப் போக வேண்டியதில்லை.

பள்ளிக்கூடமே இல்லாத இடத்தில் ஒரு மொழியை எப்படிக் கற்பது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே மிக விளக்கமான சான்று இருக்கிறது. செருமானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706 சூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. அவருக்கென்று இலக்கணப் புத்தகமோ அகராதியோ வாங்கக் கிடைக்கவில்லை. அவர் ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைப் பிடித்து, அவருடைய பள்ளியைத் தன் வீட்டுக்கே மாற்றச் சொன்னார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். எழுத்தும் ஒலியும் வந்தன. ஆனால் அந்த ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாததால் வாய்விட்டுப் படித்ததன் பொருள் மட்டும் புரியவில்லை. அப்போது அழகப்பன் என்ற துபாஷியைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். போர்த்துகீசியமும் வேறு சில ஐரோப்பிய மொழிகளும் தெரிந்த அவர் பொருள் சொன்னார்.

பிறகு வந்தது தனிப்படிப்பு. தன் அன்றாட வேலைத் திட்டத்தைச் சீகன்பால்கே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். காலை 7 முதல் 8 வரை முன்பு எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் பார்ப்பது. 8 முதல் நண்பகல் வரை அதற்கு முன் படித்திராத தமிழ் நூல்களை மட்டும் படிப்பது. படிக்கும்போது பக்கத்தில் ஒரு வயதான புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். செய்யுள் புரியாத இடத்தில் புலவர் விளக்குவார். அரிய சொற்களையும் சிக்கலான இடங்களையும் எழுத்தர் குறித்து வைப்பார். பிற்பகலிலும் மறுபடி வாசிப்பு. 1708-இல் தான் திரட்டிய தமிழ் நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியலே தயாரித்துவிட்டார். 1716-இல் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஆலே நகரில் அச்சானது.

இதில் பார்க்க வேண்டியது வேலைப் பிரிவினை. ஒலிக்கு ஒருவர், பொருளுக்கு ஒருவர், சந்தேகத்துக்கு ஒருவர். ஆனால் நேரத்தில் பெரும்பகுதி அவர் கண்ணும் புத்தகமும்தான். புலவர் வகுப்பு எடுக்கவில்லை. படிக்கிறவர் முட்டி நிற்கும் இடத்தில் மட்டும் வாய் திறந்தார். தனிப்படிப்பில் ஈடுபடுவோர் ஆசிரியரைப் பயன்படுத்த இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

தமிழ் பேசுகிறவர் ஸ்பானிஷுக்கு வரும்போது அவருக்கு என்ன எளிது, என்ன கடினம் என்பதில் புத்தகங்கள் உதவுவதில்லை. இங்கே கிடைக்கும் புத்தகங்களும் செயலிகளும் வகுப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே ஸ்பானிஷைச் சொல்லித் தருகின்றன. ஆங்கிலேயருக்கு எங்கே இடறுமோ அங்கே பக்கம் பக்கமாக விளக்குகின்றன. தமிழருக்கு அந்த இடங்களில் பல, வீட்டு வாசல்போலப் பழகியவை.

வினைச்சொல்லை எடுத்துக்கொள்ளலாம். பேசுகிறேன், பேசுகிறாய் என்று தமிழில் விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் 'நான்', 'நீ' என்று சொல்லாமலே வாக்கியம் முடிகிறது. ஸ்பானிஷிலும் ஆப்லோ என்றால் பேசுகிறேன், ஆப்லாஸ் என்றால் பேசுகிறாய். எழுவாயை விட்டுவிடுவதுதான் இயல்பு. ஆங்கிலம் வழியாகப் படிக்கும் தமிழர் மட்டும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'நான்' என்பதற்கான 'யோ'வைப் போட்டுப் பேசுவார். அடுத்தது, மெ குஸ்தா என்ற தொடர். அது சொல்லுக்குச் சொல் 'எனக்குப் பிடிக்கும்' என்பதுதான். மெ துவேலே லா கபேசா என்பது 'எனக்குத் தலை வலிக்கிறது'. பிடிக்கிற பொருளே எழுவாயாகி, ஆள் நான்காம் வேற்றுமைக்குப் போய்விடும் இந்த அமைப்பு ஆங்கிலேயருக்குத் தலைகீழாகத் தெரியும். அவர்களுக்காக எழுதிய அதிகாரத்தைத் தமிழ் மாணவர் பத்து நிமிடத்தில் தாண்டலாம். நீ, நீங்கள் என்ற வேறுபாடு தூ, உஸ்தேத் என்று அங்கேயும் இருக்கிறது.

இறந்தகாலம் இரண்டு வகை என்றதும் வகுப்புகளில் பெருமூச்சு எழும். ஒருமுறை நடந்து முடிந்ததற்கு ஒரு வடிவம், முன்பு வழக்கமாக நடந்துவந்ததற்கு இன்னொரு வடிவம். ஆங்கிலப் புத்தகம் இதற்குப் பல விதிகள் சொல்கிறது. தமிழில் 'நேற்று காஞ்சிபுரம் போனேன்' என்கிறோம். 'சின்ன வயதில் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போவேன்' என்கிறோம். இரண்டாவதில் நடந்து முடிந்த பழக்கத்தை எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம் என்பதைக்கூட நாம் கவனிப்பதில்லை. ஸ்பானிஷில் முதலாவதற்கு ஃபூயி, இரண்டாவதற்கு ஈபா. எல்லா இடத்துக்கும் இந்தப் பொருத்தம் செல்லாது என்றாலும் தொடக்கத்தில் பாதி வழியைக் கடத்திவிடும்.

ஒலியிலும் இப்படித்தான். ஸ்பானிஷின் த, ட அல்ல. நாக்கு பல்லைத் தொடுகிற நம் தகரம். சொல்லின் முதலில் வரும் ப, த, க மூன்றும் மூச்சைத் தள்ளாமல் நம்மைப் போலவே ஒலிக்கின்றன. இரண்டு உயிருக்கு நடுவில் வரும்போது 'அது' என்பதில் தகரம் மெலிவதுபோல, லாதோ என்ற சொல்லிலும் தகரம் மெலிகிறது. லாகோ என்பதன் ககரம் 'பகல்' என்பதன் ககரத்தை ஒட்டியது. தக்காளியை ஆங்கிலத்தில் டொமாட்டோ என்று பழகிய நாக்கு ஸ்பானிஷிலும் டகரத்தையே தேடும். தொமாத்தே என்று தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் உச்சரிப்பு தானாகச் சரியாகும். ஆனால் இங்கே ஒரு கண்ணியும் இருக்கிறது. பெரோ என்றால் 'ஆனால்'. நாக்கை உருட்டி, வல்லின றகரத்தில் பெறோ என்றால் 'நாய்'. காஞ்சிபுரம் பக்கத்துப் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன. குமரி மாவட்டத்தார் இன்னும் பிரித்துச் சொல்கிறார்கள். இந்த ஒலியைத் தன் காதை மட்டும் நம்பிப் பழகினால் சரியாக வந்ததா இல்லையா என்று தெரியாது. எதிரே ஒருவர் இருந்து சொல்ல வேண்டும்.

தமிழருக்கு உண்மையிலேயே கடினமானவை வேறு. உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. மேசை பெண்பால், அலமாரி ஆண்பால். லா மேசா, எல் அர்மாரியோ என்ற அவ்விரண்டின் உடன்பிறப்புகளும் போர்த்துகீசியர் வழியாக நம் வீட்டுக்குள் வந்தவைதான், ஆனால் வரும்போது பாலை வாசலிலேயே விட்டுவிட்டன. 'இரு' என்ற ஒரே வினைக்கு அங்கே செர், எஸ்தார் என்று இரண்டு. 'நீ வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்' என்பதுபோன்ற இடங்களில் வினை வேறோர் அச்சுக்கு மாறுகிறது. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் உருபு சேர்ப்பதற்குப் பதிலாக முன்னால் சொல் போட வேண்டும். அந்தச் சொற்களில் போர், பாரா என்ற இரண்டும் எப்போது எது என்று வருடக்கணக்கில் குழப்பும். இவற்றை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிடலாம்; எழுதும்போதும் பேசும்போதும் பிழை வந்துகொண்டே இருக்கும். பிழை திருத்தப்படாமல் பழகிவிட்டால் பிறகு கழற்றுவது புதிதாகக் கற்பதைவிடச் சிரமம். ஆசிரியரிடம் செலவழிக்கும் நேரத்தை இந்தக் கடின இடங்களுக்கே ஒதுக்கிவைப்பது நல்லது. நமக்கு எளிதும் கடினமும் ஆங்கிலேயருக்கு இருப்பதுபோல் இல்லாததால், குறிப்பேட்டில் ஸ்பானிஷுக்கு எதிரே ஆங்கிலம் எழுதுவதைவிடத் தமிழ் எழுதுவது பலன் தரும். ஆசிரியருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குறிப்பேடு அவருக்கானது அல்ல.

தனிப்படிப்புக்குக் கருவிப் பஞ்சம் இல்லை. மேலே சொன்ன அமெரிக்கப் பயிற்சி நிறுவனம் தயாரித்த பழைய ஸ்பானிஷ் பாடங்கள் ஒலிப்பதிவோடு பொதுவுடைமையாக, இலவசமாகக் கிடைக்கின்றன. மொழிநடை பழையது, ஆனால் பயிற்சிகள் உறுதியானவை. 1992-இல் வெளிவந்த 'டெஸ்டினோஸ்' என்ற 52 பகுதித் தொலைக்காட்சித் தொடர், கதை பார்த்துக்கொண்டே மொழி பழகுவதற்காகவே எடுக்கப்பட்டது. சொற்களை மறவாமல் வைத்துக்கொள்ள ஆங்கி போன்ற செயலிகள் உண்டு. தெரிந்த சொல்லைத் தள்ளித் தள்ளி, தெரியாததை அடிக்கடி காட்டும் முறை அது. அட்டைகளைப் பெட்டியில் பிரித்துப் போட்டும் இதையே செய்யலாம். டுவோலிங்கோவின் நிறுவனர்களில் ஒருவரான லூயிஸ் வோன் ஆன் ஸ்பானிஷ் பேசும் குவாத்தமாலாவில் பிறந்தவர்; அந்தச் செயலி தொடக்க வாரங்களுக்கு உகந்தது. ஆனால் தொடர்ந்து எத்தனை நாள் திறந்தோம் என்று அது காட்டும் எண்ணை மொழித்திறன் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. அது வருகைப் பதிவேடு மட்டுமே.

கருவி அதிகமாக இருப்பதே தனியாகப் படிப்பவருக்குப் பகை. ஒன்றைத் தொடங்கி நான்காவது பாடத்தில் சலித்து, அதைவிட நல்லது என்று யாரோ சொன்ன இன்னொன்றுக்கு மாறி, அங்கும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்து, வணக்கம் சொல்வதையும் எண்களையும் மட்டும் ஐந்து முறை கற்றவர்கள் உண்டு. ஒரே பாடநூலைக் கடைசிப் பக்கம் வரை கொண்டுபோவது நல்ல நூலைத் தேடுவதைவிட முக்கியம். நேரத்தைப் பொறுத்தவரை நெசவு வீடுகளில் ஒரு வசதி இருக்கிறது. தறியில் உட்கார்ந்திருக்கும்போது சத்தமும் கவனமும் எதற்கும் இடம் தராது. கோர்வைப் புடவையில் கரை ஓடத்தைத் தள்ளும் கை ஒரு நொடி தவறினால் தெரிந்துவிடும். ஆனால் தார் சுற்றும் நேரத்தில் கை தன்போக்கில் வேலை செய்யும், காது சும்மா இருக்கும். ஒரே ஒலிப்பாடத்தை அந்த நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது, இரவில் புத்தகத்தின் முன் தூங்கி விழுவதைவிட மேல்.

இலக்கியத்துக்காகப் படிப்பவர்களுக்கு வகுப்பின் தேவை மிகக் குறைவு. தொடக்க இலக்கணம் முடிந்ததும் நேராக நூலுக்குள் போகலாம். 1955-இல் வந்த உவான் ருல்ஃபோவின் 'பெத்ரோ பாராமோ' சிறிய நாவல், வாக்கியங்களும் சிறியவை. தமிழிலும் மொழிபெயர்ப்பு இருக்கிறது. 1967-இல் வந்த கார்சியா மார்க்கேசின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' தமிழில் 2013-இல் வந்தது. மூலத்தையும் தமிழையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். ஆனால் தமிழில் உள்ள இலத்தீன் அமெரிக்க நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வந்தவை. வரிக்கு வரி ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இனி தூரம். திருப்புட்குழியிலிருந்து சென்னைக்குப் போய் ஒன்றரை மணி நேர வகுப்பில் இருந்துவிட்டுத் திரும்ப, பேருந்துக்கே நாலைந்து மணி நேரம் போய்விடும். வாரம் இருமுறை இதைச் செய்வதைவிட அந்த நேரத்தை வீட்டில் செலவிட்டால் மும்மடங்கு படிக்கலாம். சென்னையிலேயே கல்லூரியில் தங்கிப் படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் ஆறு, எட்டுப் பேர் கொண்ட நேரடி வகுப்பு கிடைத்தால் முதல் நிலைக்காவது சேர்ந்துவிடுவது நல்லது. ஸ்பெயின் அரசு 1991-இல் நிறுவிய செர்வாந்தேஸ் நிறுவனத்தின் மையம் இந்தியாவில் இருப்பது புது தில்லியில். அதன் வகுப்புகளை இணையவழியிலும் படிக்கலாம்.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு இணையவழியில் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் ஆசிரியரை அமர்த்திக்கொள்வதே ஏற்றது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்; அந்த ஒரு மணியில் ஆசிரியர் புதிய பாடம் எடுக்கக் கூடாது. அந்த வாரம் எழுதியதைத் திருத்துவதும், படித்ததைப் பற்றிப் பேச வைப்பதும், முட்டி நின்ற இடங்களைத் தீர்ப்பதும்தான் அவர் வேலை. நேர வேறுபாடும் கைகொடுக்கிறது. இங்கே காலை ஆறு மணி என்றால் கொலம்பியாவில் முந்தைய நாள் மாலை ஏழரை, மெக்சிகோ நகரில் மாலை ஆறரை. விடிந்ததும், தறிச் சத்தம் தொடங்கும் முன் வகுப்பை முடித்துவிடலாம். ஸ்பெயினிலுள்ள ஆசிரியர் என்றால் நம் மாலை ஆறு மணிக்கு அங்கே குளிர்காலத்தில் பகல் ஒன்றரை, கோடையில் இரண்டரை. எந்த நாட்டு ஆசிரியர் என்பதில் ஒலி வேறுபாடு உண்டு: ஸ்பெயினின் பெரும்பகுதியில் பல்லிடையில் நாக்கை வைத்துச் சொல்லும் ஒலியை, அமெரிக்கக் கண்டங்களில் சாதாரண ஸகரமாகச் சொல்வார்கள். வேலைக்கு எந்த நாட்டு வாடிக்கையாளர் என்று தெரிந்தால் அதற்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம். தெரியாவிட்டால் எது கிடைக்கிறதோ அது.

பணம் கொடுக்க முடியாதவர்கள் மொழிப் பரிமாற்றம் செய்யலாம். தமிழ் கற்க விரும்பும் மெக்சிகோக்காரரைக் கண்டுபிடிப்பது அரிது. ஆங்கிலத்தில் பேசிப் பழக ஆள் தேடுகிறவர்கள் ஏராளம். அரை மணி ஆங்கிலம், அரை மணி ஸ்பானிஷ் என்று பேசி வைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் பேச்சுத் துணைவர் ஆசிரியர் அல்ல. பொருள் புரிந்துவிட்டால் அவர் பிழையை விட்டுவிடுவார். 'ஏன் இப்படி' என்று கேட்டால் 'நாங்கள் அப்படித்தான் சொல்வோம்' என்பதுதான் பதிலாக வரும்.

சான்றிதழ் தேவைப்படுகிறவர்களின் முடிவைத் தேர்வின் அமைப்பே பாதி தீர்மானித்துவிடுகிறது. டெலே என்பது ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பெயரில் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் தேர்வு. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். ஒருமுறை தேறினால் சான்றிதழ் காலாவதியாவதில்லை. சியேலே என்ற கணினித் தேர்வின் சான்றிதழ் ஐந்தாண்டுகளே செல்லும். அதில் தேர்ச்சி, தோல்வி என்று இல்லை, நான்கு திறனுக்கும் தலா 250 என்று 1,000-க்கு மதிப்பெண் தருவார்கள். வேலை தேடுவோர் பலர் அவசரத்துக்கு இரண்டாவதை எழுதுகிறார்கள். டெலேயின் தொடக்க, இடை நிலைகளான ஏ1, ஏ2, பி1 ஆகியவற்றில் வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் ஒரு தொகுதி. ஒவ்வொரு தொகுதிக்கும் 50 மதிப்பெண். இரண்டிலும் தனித்தனியாக 30 எடுத்தால்தான் தேர்ச்சி. வாசிப்பிலும் எழுத்திலும் 50-க்கு 50 வாங்கியவர் கேட்டலிலும் பேச்சிலும் 29 வாங்கினால் மொத்தம் 79 இருந்தும் தோல்வி.

தனியாகப் படித்தவர்கள் விழுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது தொகுதியில். வகுப்பை மட்டும் நம்பியவர்கள் விழுவது முதல் தொகுதியின் எழுத்துப் பகுதியில், வீட்டில் எழுதிப் பழகாததால். ஆகவே தேர்வுக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே ஒரு மாதிரித் தேர்வைக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்து, எந்தத் தொகுதி 30-க்குக் கீழே இருக்கிறதோ அதற்கேற்ப மீதி மாதங்களைத் திருப்ப வேண்டும். பேச்சு குறைவு என்றால் வாரத்துக்கு ஒன்றாக இருந்த ஆசிரியர் நேரத்தை இரண்டாக்குவது. எழுத்து குறைவு என்றால் வகுப்பைக் கூட்டாமல் நாளுக்கு ஒரு கடிதம் எழுதி, திருத்தி வாங்குவது. தேர்வுப் பருவங்களும் மையங்களும் ஆண்டுதோறும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். எந்த நிலை எந்த ஊரில் நடக்கிறது என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் எல்லா நிலையும் எல்லாப் பருவத்திலும் எல்லா மையத்திலும் நடப்பதில்லை.